நூற்றுப் பதினாறு டிக்

கண்ணு, உங்கள் கழுத்தில் தொங்குகிற பைனாகுலரில் ஒரு பக்கத்து மூடியைக் காணோமே. வீட்டிலிருந்து வரும்போதே இல்லையா, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டதா? தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து என் பார்வை அதிலேயே நிற்கிறது. ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்தும் கிடந்தால் எனக்கு காஸ் அடுப்பை அணைக்காமல் வந்த மாதிரி இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டேன். மூன்று தடவை பார்த்தேன். அதை விடுங்கள்.

அந்தப் பைனாகுலரைக் கழற்றிக் கொஞ்சம் கொடுங்கள், அளவு எடுத்துக்கொள்கிறேன். என் பையில் டேப் இருக்கிறது, ஊசி நூல் இருக்கிறது, துணியும் இருக்கிறது. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. நாற்பது முடிவதற்குள் மூடியைத் தைத்துக் கையில் கொடுத்துவிடுவேன். ஓடுகிற பஸ்ஸில் எப்படி என்று பார்க்கிறீர்களா? வளைவில் ஊசியை நிறுத்திக்கொள்வேன், நேர் ரோட்டில் குத்துவேன். பழக்கம்தான். உங்களுக்குத் தலை சுற்றினால் சொல்லுங்கள், எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். இரண்டு வைத்திருக்கிறேன்.

என் பேர் முத்துப்பேச்சி. செம்பாறை எஸ்டேட் மேல் டிவிஷனில் இறங்கிப் பேச்சி டெய்லர் என்று யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் கண்ணாடி மூடி விஷயத்தில் இந்த மலையில் என்னைத் தாண்டி ஆள் கிடையாது. சிரிக்காதீர்கள். வனத்துறை டாக்டரின் மயக்க ஊசித் துப்பாக்கிக்குப் பாவாடை தைத்தவள் நான். துப்பாக்கிக்கு என்றால் துப்பாக்கிக்கு இல்லை, அதன் முதுகில் படுத்திருக்கிற தூரக்கண்ணாடிக்கு. ஸ்கோப் என்பார்கள். முதல் தடவை பார்த்தபோது, இந்த மனுஷன் ஏன் துப்பாக்கி மேல் டார்ச் லைட்டைக் கட்டி வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

எங்கள் டிவிஷனில் ஒரு காட்டுமாடு உண்டு. ஆள் உயரம். நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். தேயிலைக் காட்டு ஓரத்தில் வந்து நின்றுகொண்டு, கொழுந்து பறிக்கிற பெண்களை ஒவ்வொருவராகப் பார்க்கும். யார் வேலை செய்கிறாள், யார் வெற்றிலை போட்டுக்கொண்டு கதை பேசுகிறாள் என்று பார்க்கிற மாதிரியே நிற்கும். அதனால் அதற்குக் கங்காணி என்று பேர் வைத்துவிட்டார்கள். யாரையும் முட்டியதில்லை, விரட்டியதில்லை. உண்மையான கங்காணியைவிட இது மேல் என்று பெண்கள் சொல்வார்கள்.

போன ஆடியில் ஒன்பது நாள் விடாத மழை. பத்தாம் நாள் காலையில் வெயில் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், எஸ்டேட் முழுக்க ஒரே துணி. வேலி மேல் துணி, செடி மேல் துணி, லயன் வீடுகளின் தகரத்து மேல் துணி. என் கடைக்குப் பின்னாலும் ஒரு நீல நைலான் கயிறு. அதில் கிளாரிந்தா டீச்சரின் பாவாடை. உள்பாவாடை. நல்ல கிளிப்பச்சை. டீச்சர் எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ். ஆளும் உயரம், அகலமும் அதற்கேற்ற மாதிரி. அவர் பாவாடை ஒன்றைத் தைத்தால் மற்றவர்களுக்கு இரண்டு தைத்த மாதிரி. சாயம் போகிறதா பார்க்கலாம் என்று அலசிக் காயப் போட்டிருந்தேன்.

கங்காணி அந்த வழியாகப் போயிருக்கிறது. கொம்பு கயிற்றில் மாட்டியிருக்கிறது. அது ஒரு இழுப்பு இழுத்ததில் கயிறு, பாவாடை, பன்னிரண்டு கிளிப் எல்லாம் அதோடு போய்விட்டன. கயிற்றை யார் அவ்வளவு தாழ்வாகக் கட்டியது என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அது இப்போது முக்கியமில்லை. எங்கள் டிவிஷனில் எல்லார் வீட்டிலும் நீலக் கயிறுதான். ஒரே கடையில்தான் வாங்குகிறோம்.

இதோ பாருங்கள், முதல் வளைவு வந்துவிட்டது. போர்டு பார்த்தீர்களா? நான் எண்ணிக்கொண்டே வருவேன். என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. ஒரு ஜாக்கெட்டுக் கைக்கு எத்தனை தையல் விழுகிறது என்றுகூட எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தங்கையாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. அவர் தூங்கும்போது எத்தனை தடவை குறட்டை விடுகிறார் என்று எண்ணிச் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எங்கே விட்டேன்? பாவாடை. மூன்றாம் நாள் கங்காணி வழக்கமான இடத்தில் வந்து நின்றது. ஒரு கொம்பில் பாவாடை கொடி மாதிரிப் பறக்கிறது. பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்து, படம் வால்பாறை முழுக்கப் போய்விட்டது. அன்று சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். "பேச்சி, அது என்னுது இல்ல"ன்னார். சரி டீச்சர் என்றேன். "யார் கேட்டாலும் என்னுது இல்ல." சரி டீச்சர். "எனக்கு வேற ஒண்ணு தை. பச்சை வேணாம்." அளவு எடுக்கட்டுமா என்று டேப்பை எடுத்தேன். பழைய அளவே போதும் என்று வேகமாகப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. கயிறு கொம்பிலிருந்து இறங்கி மூஞ்சியைச் சுற்றி விழுந்திருந்தது. அது தலையை ஆட்ட ஆட்ட, செடியில் உரச உரச, இறுகிக்கொண்டே போயிருக்கிறது. வாயைத் திறக்க முடியவில்லை. புல்லுக்கு நேராகக் குனியும், முகர்ந்து பார்க்கும், நிமிர்ந்துவிடும். ஓடைத் தண்ணீரில் மூக்கை வைத்து அப்படியே நிற்கும். எட்டாம் நாள் விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. எண்ணினேன். ஒரு பக்கம் ஒன்பது தெரிந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. எனக்கு வயிறு சரியில்லை, அவ்வளவுதான். தங்கையா தட்டைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, கயிறு நம்மளுதுதான?" என்று கேட்டார். பேசாமல் சாப்பிடுங்கள் என்றேன்.

வனத்துறையிலிருந்து டாக்டர் வந்தார். டாக்டர் அமானுல்லா. ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருப்பார். கூடவே வாட்சர் ராஜப்பன். காட்டை நன்றாகத் தெரிந்தவர், வாய் கொஞ்சம் நீளம். மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்துக் கயிற்றை அறுப்பது என்று முடிவு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். ஆனால் முப்பது மீட்டருக்குப் பக்கத்தில் போனால் அது நகர்ந்துவிடும். முப்பது மீட்டரில் நின்றால் மூடுபனி. ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மூச்சுக் காற்றில் பின்பக்கக் கண்ணாடி வெளுக்கிறது. துடைத்து முடிப்பதற்குள் முன்பக்கக் கண்ணாடியில் மழைத்துளி. இரண்டு நாள் போயிற்று. ஒரு ஊசிகூடப் போடவில்லை.

அதற்கு மறுநாள் காலை டாக்டர் என் கடை வாசலில் வந்து நின்றார். கையில் அறுந்துபோன ஒரு ரப்பர். "இதை மட்டும் தச்சுக் குடுங்கம்மா"ன்னார்.

அது ஸ்கோப்பின் மூடி. இரண்டு பக்கமும் இரண்டு குல்லா, நடுவில் ரப்பர் வார். இழுத்து மாட்ட வேண்டும். கழற்றும்போது ஒரு குல்லா முதலில் விடுபட்டால் இன்னொன்று தெறித்து வந்து மூக்கில் அடிக்கும். டாக்டர் மூக்கில் அடித்த தடம் இருந்தது. வேறு மாதிரி இல்லையா என்று கேட்டேன். ஜீப்பிலிருந்து ஒரு டப்பா நிறைய எடுத்துக் காட்டினார். அடேயப்பா, கண்ணு, ஒரு சின்னக் கண்ணாடிக்கு எத்தனை கூத்து. ஒன்று பெட்டி மூடி மாதிரி ஸ்பிரிங்கில் மேலே திறந்துகொள்வது. நல்லதுதானே என்றேன். அவர் ஸ்கோப்பைத் தூக்கிக் காட்டினார். உருவத்தைப் பெரிசாக்கச் சின்னதாக்க ஒரு வளையத்தைத் திருப்புகிறார், பின்பக்கம் முழுதும் சேர்ந்து சுற்றுகிறது. மூடியும் சேர்ந்து சுற்றுகிறது. மேலே திறக்க வேண்டிய மூடி பக்கவாட்டில் திறந்து அவர் கன்னத்தில் இடிக்கிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் கீழே தொங்குகிறது. முன்பக்கம் இறுக்கமாகப் போட்டால், கழற்றுகிற வேகத்தில் முன்னால் இருக்கிற வளையமும் திரும்பிப் பார்வை மங்கிவிடுகிறது.

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முன்வாய் அகலம். பின்வாய் அதைவிடச் சின்னது. நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. இடுப்பில் மேலே ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு குமிழ். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இதைச் செய்தவர்கள் எல்லாம் குழாய்க்கு மூடி செய்கிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். இது குழாய் இல்லை, உடம்பு. உடம்புக்கு அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும். டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் அறுந்த ரப்பரைக் குப்பையில் போட்டுவிட்டு, "தைங்க"ன்னார்.

முதலில் தைத்தது குடைத்துணியில். மேலே குடைத்துணி, உள்ளே ஜாக்கெட் லைனிங். நீளமாக ஒரு உறை மாதிரி, அடியில் வெல்க்ரோ. அதுதான், கர்ரென்று பிரிக்கிற ஒட்டு. பிரமாதமாக உட்கார்ந்தது. டாக்டர் கைதட்டினார். மறுநாள் காலை கங்காணியிடமிருந்து முப்பது மீட்டரில் மண்டி போட்டு அதைப் பிரித்திருக்கிறார். ராஜப்பன் வந்து சொன்னார், மலை முழுக்க யாரோ வேட்டியைக் கிழித்த மாதிரிக் கேட்டதாம். கங்காணி அடுத்த டிவிஷனில் போய்த்தான் நின்றதாம்.

இரண்டாவது, டிச் பட்டன். அது டிக்கென்று ஒரே ஒரு சத்தம். ஒரு சத்தம்தானே என்று நினைத்தேன். அந்த மாட்டுக்குக் காது எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள். இன்னும் இரண்டு நாள் தாங்காது என்று டாக்டர் ராஜப்பனிடம் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. எதிரே சுவரில் டீச்சரின் புதுப் பாவாடை, சந்தன நிறம், தைத்து முடித்துத் தொங்குகிறது. நாடா கோத்துச் சுருக்குப் போட்டிருந்தேன். எழுந்து போய் நாடாவை ஒரு இழுப்பு இழுத்தேன். பொத்தென்று விழுந்தது. ஒரு சத்தம் இல்லை. கண்ணு, நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மூடி என்ன மூடி, அதற்குப் பாவாடை கட்டினால் போதும். நாடா என்றால் சுற்றுகிற இடம் சுற்றட்டும், பாவாடை அது பாட்டுக்கு நிற்கும். இறுக்கிப் பிடிக்காது, எந்த வளையத்தையும் திருப்பாது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டு நாடாவையும் ஒரே சுருக்கில் சேர்த்துவிட்டால் ஒரு விரலால் இழுத்தால் இரண்டும் விழும்.

ஒன்பதாவது வளைவு. அந்தப் பாறையைப் பாருங்கள், வரையாடு நிற்கும். இல்லையா? நீங்கள் திரும்பிப் போகும்போது இருக்கும். பைனாகுலரை நான் வைத்திருக்கிறேன் என்று பார்க்கிறீர்களா, தந்துவிடுகிறேன், இன்னும் பின்பக்கம் அளவு எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் எஸ்டேட் கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் வைத்து அளவு பார்த்தேன். துப்பாக்கி ராஜப்பன் மடியில். அதில் ஊசி கிடையாது, காற்று கிடையாது, வெறும் துப்பாக்கி. டாக்டர் செல்போனோடு சிக்னல் தேடிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டார். ராஜப்பன் கண் சொக்கிக்கொண்டிருந்தது. நான் பாவாடையைக் கட்டுகிறேன், இடுப்பில் அந்த இரண்டு குமிழும் தடுக்கிறது. ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு சின்ன மூடி. திருகினேன், கழன்று வந்தது. உள்ளே பார்த்தால், சொன்னால் நம்பமாட்டீர்கள், என் மெஷினில் நூல் இறுக்கத்துக்கு ஒரு திருகு இருக்கிறதே, அதே மாதிரி. சுற்றிலும் கோடு போட்டு எண் போட்டு. எண்ணோ சுழியத்தில் இல்லை. எங்கோ நடுவில் நிற்கிறது.

நான் தினமும் வேலை முடித்தால் மெஷின் திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் உறை போடுவேன். அது பழக்கம். எந்தச் சாமானையும் இழுத்துப் பிடித்த நிலையில் மூடி வைத்தால் கெட்டுவிடும். யாரோ அவசரத்தில் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து லேசாகத் திருப்பினேன். டிக் என்றது. என்ன அழகான சத்தம். இன்னொன்று. டிக். மெதுவாக, விரல் நுனியில். சுழியத்துக்கு வந்தது. கொஞ்சம் தாண்டிவிட்டது. திரும்பப் பின்னால் கொண்டுவர வேண்டாம், இன்னும் ஒரு சுற்று முன்னாலேயே போய்ச் சுழியத்தில் நிறுத்தலாம் என்று போனேன். பக்கத்துத் திருகு பாவம், அதையும் ஏன் விட வேண்டும் என்று அதையும் சரி செய்தேன். மூடிகளைப் பத்திரமாகப் போட்டேன். பாவாடையைக் கட்டினேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. இதைச் சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

அன்றே மூன்று மணிக்குக் கங்காணி ஒன்பதாம் நம்பர் காட்டில் நிற்பதாகத் தகவல் வந்தது. நானும் வருகிறேன் என்றேன். நாடாச் சுருக்கு நான் போட்டால்தான் உருவும், வேறு யார் போட்டாலும் முடிச்சாகிவிடும், நடுவில் சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரைக் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். என்னைத் தெரியாதே. ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி ஏற்றிக்கொண்டார்.

சாரல். பனி. தேயிலைச் செடி மறைக்க, கங்காணியின் முதுகும் பின்தொடையின் மேல் பாதியும் மட்டும் தெரிந்தது. தலைப்பக்கம் பச்சைப் பாவாடை நனைந்து தொங்குகிறது. டாக்டர் ஜீப் மறைவில் மண்டி போட்டார். ஒரு விரலால் நாடாவை இழுத்தார். இரண்டு பாவாடையும் சத்தமில்லாமல் அவர் மடியில் விழுந்தன. கண்ணாடி தண்ணீர் மாதிரி இருந்தது கண்ணு. ஒரு துளி இல்லை, ஒரு மங்கல் இல்லை. டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு சுட்டார். புஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கங்காணி நகரவில்லை. ஊசியைக் காணோம்.

ராஜப்பன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். ஊசியின் வாலில் ரோஸ் நிறக் குஞ்சம் இருக்கும். அது கங்காணியின் தொடைக்கு ஒரு ஜாண் கீழே, இடது பக்கம், தேயிலைச் செடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"செடிக்குப் போட்டுட்டீங்க சார்"ன்னார் ராஜப்பன். "நாளைக்கு இந்தக் காட்டுக் கொழுந்துல டீ குடிக்கிறவன் எழுந்திரிக்க மாட்டான்."

டாக்டர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "நேத்து வாழைத்தண்டுல பத்து தடவை அடிச்சேன். பத்தும் ஒரே இடத்துல விழுந்துச்சு." இன்னும் ஒரே ஒரு ஊசியில்தான் மருந்து ஏற்றியிருக்கிறார். எங்கே தப்பு என்று தெரியாமல் அதைப் போட முடியாது. திரும்பிப் போய் வாழைத்தண்டில் அடித்துச் சரி பார்த்து வருவதற்குள் இருட்டிவிடும். நாளைக்குக் கங்காணி எந்தக் காட்டில் நிற்கும், நிற்குமா, யார் கண்டது? டாக்டர் எழுந்திருக்கப் போனார்.

சொன்னால் இந்த மனுஷன் என்ன சொல்வார், ராஜப்பன் என்ன சொல்வார், டிவிஷன் முழுக்க என்ன சிரிப்பு சிரிக்கும். ஏற்கனவே கயிற்றுப் பேச்சு வேறு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நான் திருகைத் திருப்பினபோது ராஜப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கங்காணி தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. வேலை நடக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை. வாயில் மட்டும் நீலக் கயிறு.

ஜீப்பை விட்டு இறங்கிவிட்டேன்.

"டாக்டர், அந்தத் திருகு."

"எந்தத் திருகு?"

"மேல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. மூடி போட்டது."

அவர் என்னை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "குறியை நிறுத்தி வச்சிருக்கிற திருகா? தொட்டீங்களா?"

"லேசாத்தான்."

"எவ்வளவு லேசா?"

"மேல நூத்திப் பதினாறு டிக். பக்கத்துல எழுபத்தி மூணு."

ராஜப்பன் வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார். தோள் குலுங்கியது. டாக்டர் மேல் திருகில் கையை வைத்தார். "நிச்சயமா?" என்று கேட்டார்.

"எண்ணினேன்"னேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. என்ன கேள்வி அது?

"எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"நூல் இறுகுற பக்கம்."

"அம்மா, எனக்குத் தைக்கத் தெரியாது."

கையைக் காற்றில் வைத்துத் திருப்பிக் காட்டினேன். அவர் மூடியைக் கழற்றி, எதிர்ப்பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தார். நான் அவர் காதோரம் குனிந்து எண்ணினேன். சாரலில் முதுகு நனைகிறது, காலில் அட்டை ஏறுகிறது, நான் எண்ணுகிறேன். தொண்ணூற்றொன்றில் கங்காணி ஒரு அடி நகர்ந்தது. டாக்டர் விரல் நின்றுவிட்டது. எத்தனை என்று உதட்டாலேயே கேட்டார். தொண்ணூற்றொன்று என்று உதட்டாலேயே சொன்னேன். மேலே முடிந்தது. பக்கத்துத் திருகுக்கு எழுபத்து மூன்று. என் கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

புஸ்.

ரோஸ் குஞ்சம் பின்தொடையில், நட்ட நடுவில் நின்றது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ராஜப்பன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார், எதுவும் சொல்லவில்லை, அவர் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் கங்காணி பந்தியில் உட்காருகிற மாதிரி நிதானமாக முன்காலை மடக்கி உட்கார்ந்தது. ஓடிப்போய்க் கண்ணைத் துணியால் கட்டி, கயிற்றை அறுத்தார்கள். மூக்குத்தண்டில் கயிறு விரல் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. டாக்டர் கழுவி மருந்து வைத்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிளிப்புகளை எண்ணினேன். பன்னிரண்டில் நான்கு மிச்சம் இருந்தது.

ராஜப்பன் அறுத்த கயிற்றைத் தூக்கிக் காட்டினார். ஒரு முனையில் முடிச்சு. மூன்று சுற்றுச் சுற்றி நடுவில் நுழைத்தது. "டெய்லரக்கா, இது பட்டன் தச்சா அடியில போடுற முடிச்சுல்ல?" என்று கேட்டார். நூலில் போடுகிற முடிச்சைக் கயிற்றில் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்லிவிட்டேன்.

மயக்கம் தெளிய மாற்று ஊசி போட்டதும் எழுந்தது. தள்ளாடிக்கொண்டே ஓடைக்குப் போயிற்று. குடித்தது கண்ணு, அப்படிக் குடித்தது. எத்தனை மடக்கு என்று எண்ண ஆரம்பித்தேன், நடுவில் விட்டுவிட்டேன். எனக்கு எண்ணிக்கை தவறினது அந்த ஒரு தடவைதான். கண்ணில் சாரல் விழுந்துவிட்டது.

ஜீப்பில் ஏறும்போது டாக்டர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லாமே உங்களாலதான் டெய்லரம்மா"ன்னார். படித்தவர், பெரிய உத்தியோகம். ஒரு டெய்லரிடம் அப்படி வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? பேப்பரில் மட்டும் என் பேர் வரவில்லை. பாவாடைப் படம்தான் வந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கொஞ்சம்தான்.

இப்போது புதுசாக வாங்கின நாலு ஸ்கோப்புக்கும் பாவாடை தைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த நாலையும் வாங்கிவரத்தான் பொள்ளாச்சி போய் வருகிறேன், பையில் இருக்கிறது. பாருங்கள், நாலிலும் திருகு மேல் பிளாஸ்திரி சுற்றி, அதன் மேல் பேனாவால் கையெழுத்தும் போட்டிருக்கிறார். மழை படக் கூடாது என்றுதான் போலிருக்கிறது. எவ்வளவு கவனமான மனுஷன்.

கங்காணியா? நன்றாக இருக்கிறது. உடம்பு தேறிவிட்டது. மூக்கில் ஒரு வெள்ளைத் தழும்பு. இப்போதும் வந்து நிற்கிறது, என் கடைப் பக்கம் கொஞ்சம் அதிகமாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. நான் இப்போதெல்லாம் துணியை அடுப்படியில் விறகுப் பரண் மேல்தான் காயப் போடுகிறேன். புகை வாசனை அடிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடிக்கட்டும்.

முப்பத்தெட்டாவது வளைவு. நல்லவேளை, தைத்து முடித்துவிட்டேன். இதோ, போட்டுப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு ஜோடியாகவே தைத்துவிட்டேன், பழைய மூடியைத் தூக்கிப் போடுங்கள். இப்படி நாடாவை இழுத்தால் போதும். பாருங்கள், சத்தம் வருகிறதா? இருவாச்சிப் பறவை உங்கள் தோளில் வந்து உட்கார்ந்தாலும் அதற்குத் தெரியாது. நிறமா? கிளிப்பச்சைதான், காட்டுக்குள் தெரியாது. துவைத்து, இஸ்திரி போட்டு, இரண்டு மாதம் கடையில் மாட்டி வைத்திருந்தேன். யாரும் உரிமை கேட்டு வரவில்லை. மூன்று மீட்டர் நல்ல துணி, வீணாக்கலாமா? பள்ளிக்கூடத்துப் பக்கம் போனால் மட்டும் இதைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒன்றும் தர வேண்டாம். இரண்டு எலுமிச்சம்பழத்தில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கண்ணைச் சுருக்குகிறீர்கள்? மங்கலாகத் தெரிகிறதா? இருங்கள், பதறாதீர்கள். நடுவில் இருக்கிற சக்கரம் நூல் இறுகுகிற பக்கம் இரண்டு சுற்று. வலது கண் பக்கத்து வளையம் எதிர்ப்பக்கம் ஏழு கோடு. இதில் டிக் சத்தம் வரவில்லை, அதனால் கோட்டை வைத்து எண்ணினேன். ஒன்றுகூடத் தவறியிருக்காது.